கல்லைத் தூக்கிப் போனவர்களும் கும்பிட்டவர்களும்

கி.பி. 1196-ல் எகிப்தை ஆண்ட சுல்தான் அல் அஜீஸ் உஸ்மானுக்கு ஒரு யோசனை தோன்றியது. கீஸாவில் நிற்கும் மூன்று பெரிய பிரமிடுகளில் சின்னதை, மென்கௌரே மன்னனுடையதை, இடித்துத் தள்ளிவிட வேண்டும். கல் உடைப்பவர்களும் சுரங்கம் தோண்டுபவர்களும் கூடாரம் போட்டு உட்கார்ந்து எட்டு மாதம் வேலை பார்த்தார்கள். ஆப்பு அடித்து, நெம்புகோல் கொடுத்து, கயிறு கட்டி இழுத்தால் ஒரு நாளைக்கு ஒரு கல் வந்தது, மிஞ்சிப்போனால் இரண்டு. விழுந்த கல் மணலில் புதைந்துகொள்ளும். அதைத் தோண்டியெடுத்து உடைத்து அப்புறப்படுத்துவதற்குள் ஆட்களுக்குத் தாவு தீர்ந்துவிடும். கடைசியில் கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டுப் போனார்கள். அந்தச் சமயம் எகிப்தில் இருந்த பாக்தாத் மருத்துவர் அப்துல் லத்தீஃப் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். வடக்கு முகத்தில் அவர்கள் போட்ட வெட்டு இன்றும் பளிச்சென்று தெரிகிறது.

கிருஷ்ணகிரிப் பக்கம் குவாரியில் வேலை பார்த்த எவரிடமும் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். கல்லை அறுப்பது ஒரு செலவு, அதைத் தூக்கி ஏற்றி அனுப்புவது இன்னொரு செலவு. இரண்டாவதைக் கணக்குப் போடாமல் குவாரி எடுத்தவர் கடையைச் சாத்த வேண்டியதுதான். சுல்தானுக்கு இந்தக் கணக்கு எட்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

உலக அதிசயங்கள் என்றாலே யார் கட்டினார், எப்படிக் கட்டினார் என்றுதான் பேச்சு ஓடும். வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதும் அதே கேள்விக்கான சோம்பேறித்தனமான பதில்தான். கட்டியவற்றில் சில மட்டும் எப்படி மிஞ்சின என்ற கேள்வியை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. மழையும் வெயிலும் நிலநடுக்கமும் தங்கள் பங்கைச் செய்தன, உண்மைதான். ஆனால் அடுத்தாற்போல் அந்த ஊரில் கட்டடம் கட்டியவர்கள் எடுத்துக்கொண்டு போன கல் அதைவிட அதிகம். தூக்க முடியாதது தப்பியது. யாராவது விளக்கேற்றிக் கும்பிட்டதும் தப்பியது. இந்த இரண்டு விதிக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உள்ளூர்ச் சாட்சி இருக்கிறது.

முதலில் அந்தப் பழைய பட்டியலைப் பார்த்துவிடுவோம். ஏழு அதிசயங்கள் கிரேக்கர்கள் போட்ட கணக்கு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த சீதோன் நகரத்துக் கவிஞர் ஆன்டிபேட்டரின் பாட்டில் வரும் பட்டியலில் பாபிலோன் மதில் உண்டு, அலெக்சாந்திரியாக் கலங்கரை விளக்கம் கிடையாது. கலங்கரை விளக்கம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பட்டியல் போடும் ஆசை மனிதனை விடுவதாக இல்லை. 2007 ஜூலை 7-ல் லிஸ்பனில் புதிய ஏழு அதிசயங்கள் என்று அறிவித்தபோது, தாஜ்மகாலுக்கு ஓட்டுப் போடுகிறோம் என்று நம் ஊர்ப் பிள்ளைகளும் செல்போனில் இருந்த பேலன்ஸைத் தீர்த்தார்கள். யுனெஸ்கோவுக்கும் அந்த வாக்கெடுப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பழைய ஏழில் இன்று நிற்பது கூஃபுவின் பெரிய பிரமிடு ஒன்றுதான். மற்றவை போன விதத்தைப் பாருங்கள். அலெக்சாந்திரியா விளக்கம் 1303, 1323 நிலநடுக்கங்களில் உருக்குலைந்தது. 1477-ல் சுல்தான் காய்த்பாய் அதே இடத்தில் கோட்டை எழுப்பியபோது விளக்கத்தின் கற்கள் மதிலுக்குள் போயின. ஹாலிகர்னாசஸில் மௌசோலஸ் மன்னனுக்குக் கட்டிய கல்லறையும் நிலநடுக்கத்தில் சாய்ந்ததுதான். கிடந்த பளிங்கை எடுத்துச் செயின்ட் ஜான் வீரர்கள் தங்கள் கோட்டையைப் பலப்படுத்திக்கொண்டார்கள். துருக்கியின் போட்ரம் ஊரில் அந்தக் கோட்டைச் சுவரைப் பார்த்தால், ஓர் அதிசயத்தின் பகுதியைப் பார்த்ததாகவே கணக்கு.

ரோட்ஸ் தீவின் வெண்கலச் சிலை கதை இதைவிட வேடிக்கை. கி.மு. 305-ல் டெமெட்ரியஸ் என்ற கிரேக்கத் தளபதி அந்தத் தீவை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியபோது கோட்டை உடைக்கும் கருவிகளையெல்லாம் போட்டுவிட்டுப் போனான். அதை விற்ற காசில் ஊரார் சூரியக் கடவுளுக்குச் சுமார் 33 மீட்டர் உயரச் சிலை வைத்தார்கள். அது நின்றது ஐம்பது, அறுபது ஆண்டுகள்தான். கி.மு. 226 வாக்கில் வந்த நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்தது. பிறகு எட்டு நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. கி.பி. 653-ல் தீவுக்கு வந்த அரபுப் படை அந்த வெண்கலத்தை ஒரு வியாபாரிக்கு விற்றது, நூற்றுக்கணக்கான ஒட்டகங்களில் அவர் ஏற்றிப் போனார் என்று ஒரு பைசாந்தியக் குறிப்பு சொல்கிறது. ஒட்டகக் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பழைய இரும்பு, பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வருகிறவரின் தொழில் எவ்வளவு தொன்மையானது என்பதற்குக் கதை போதும்.

பெரிய பிரமிடு மட்டும் தப்பிவிட்டதா? தோல் போய்விட்டது. 23 லட்சம் கற்கள், சராசரியாக ஒன்று இரண்டரை டன் என்று மதிப்பிடுகிறார்கள். அதன் மேல் தூரா என்ற இடத்துச் சுண்ணாம்புக் கல்லை மழமழவென்று இழைத்துப் போர்த்தியிருந்தார்கள். அந்தக் கல்லைப் படகில் கொண்டுவந்த மேற்பார்வையாளர் மெரெர் என்பவரின் நாட்குறிப்பு, செங்கடல் கரையில் வாடி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் 2013-ல் பாப்பிரஸ் துண்டுகளாகக் கிடைத்தது. அதில் ஆவியும் இல்லை, அமானுஷ்யமும் இல்லை. இன்றைக்கு எத்தனை ஆள், எங்கே தங்கினோம், எப்போது கல் ஏற்றினோம் என்ற லோடு கணக்குதான். 14-ஆம் நூற்றாண்டில் அந்தப் போர்வைக் கல் கெய்ரோவின் பள்ளிவாசல்களுக்கும் கோட்டைக்கும் போய்ச் சேர்ந்தது. 146 மீட்டருக்கு மேல் இருந்த உயரம் இப்போது சுமார் 138 மீட்டர். கெய்ரோ நகரம் ஆற்றின் அக்கரையில், கூப்பிடு தூரத்தில் இருந்ததால் மேல் கல் போயிற்று. உள்ளே இருப்பதைப் பிரிப்பது நஷ்டம் என்பதால் மிச்சம் நிற்கிறது.

ரோம் நகரத்தில் இது கொள்ளையாகவே நடந்தது. கி.பி. 458-லேயே பேரரசர் மஜோரியன், பழைய பொதுக் கட்டடங்களைப் பிரித்துக் கல் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். அனுமதி கொடுக்கும் அதிகாரிக்கு ஐம்பது பவுண்டு தங்கம் அபராதம், கீழே இருக்கும் ஊழியர்களுக்குச் சவுக்கடியும் கை வெட்டும். தண்டனை இவ்வளவு கடுமையாக இருந்தால், பிரிப்பு எவ்வளவு சகஜமாக நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். சட்டம் பலிக்கவில்லை. கொலோசியத்தின் தெற்குப் பக்கம் 1349 நிலநடுக்கத்தில் சரிந்ததும் ஊருக்கே அது கல் குவாரி ஆகிவிட்டது. 1452-ல் ஒரே ஓர் ஒப்பந்தக்காரர் ஒன்பது மாதத்தில் 2,500 வண்டிக்கு மேல் கல் ஏற்றிப் போனதாகப் பதிவு இருக்கிறது. இன்று அந்தச் சுவரின் அருகில் போய்ப் பார்த்தால் கல்லுக்குக் கல் சேரும் இடமெல்லாம் கையளவு பொத்தல்கள். குண்டு பட்ட தழும்பு என்று நினைத்துவிடாதீர்கள். கற்களை ஒன்றோடொன்று இணைக்க இரும்புப் பற்றிகளை வைத்து ஈயம் வார்த்திருந்தார்கள். இடைக்காலத்தில் இரும்பு விலை ஏறியபோது, கல்லைக் குடைந்து அந்தப் பற்றிகளை மட்டும் உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கொள்ளை எப்படி நின்றது? 1749-ல் போப் பதினான்காம் பெனடிக்ட், கிறிஸ்தவத் தியாகிகளின் ரத்தம் சிந்திய இடம் என்று கொலோசியத்தைப் புனிதத் தலமாக அறிவித்தார். அதற்குப் பிறகு கல்லில் கை வைக்க ஆட்களுக்குக் கூச்சம் வந்தது. அதே ஊரில் பாந்தியன் கோயில் ஏறக்குறைய முழுசாக நிற்பதற்கும் காரணம் இதுதான். கி.பி. 609-ல் அது தேவாலயமாக மாறிவிட்டது. பூசை நடக்கும் இடத்தில் யார் கடப்பாரை போடுவார்கள்? ஏதென்ஸின் பார்த்தினன் கோயில் தேவாலயமாகவும் பிறகு மசூதியாகவும் இருந்தவரை ஓரளவு உருப்படியாகவே இருந்தது. துருக்கியர்கள் அதில் வெடிமருந்தை அடுக்கி, 1687-ல் வெனிஸ்காரர்களின் குண்டு அதன்மேல் விழுந்தபோதுதான் நடுப்பகுதி பிய்த்துக்கொண்டு போனது.

சாமி இருந்தால் கல் தப்பும் என்பதற்கு எதிர்ச்சாட்சி இங்கிலாந்தில் இருக்கிறது. ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பேர்போன பழைய கல் வட்டத்துக்கு வடக்கே ஏவ்பரி என்ற கிராமம். ஊரையே சுற்றி ராட்சதக் கல் வட்டம். வேறு சாமியின் கல் என்று 14-ஆம் நூற்றாண்டில் பலவற்றைக் குழி வெட்டிச் சாய்த்துப் புதைத்தார்கள். 1938-ல் அப்படிப் புதைந்த ஒரு கல்லைத் தூக்கியபோது அடியில் ஒரு மனிதனின் எலும்புக்கூடும் கத்தரிக்கோலும் சில நாணயங்களும் கிடைத்தன. பிறகு வந்த தலைமுறைக்குச் சாமிப் பிரச்சினை இல்லை, வீடு கட்டக் கல் வேண்டியிருந்தது. 1720-களில் வில்லியம் ஸ்டக்லி அதைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். கல்லுக்கு அடியில் குழி பறித்து, வைக்கோல் போட்டுக் கொளுத்துவார்கள். கல் நன்றாகச் சூடேறியதும் ஒரு கோடு மாதிரித் தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டில் சம்மட்டி போடுவார்கள். பிளந்துவிடும்.

நெருப்பு வைத்துக் கல் எடுக்கும் வித்தை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் வரை நிலத்துக்கு மேலே முதலை முதுகு மாதிரிக் கிடக்கும் பாறைகளில் மேல் பகுதி இயற்கையாகவே ஏடு ஏடாகப் பிரியும் குணம் உள்ளது. வெடி வருவதற்கு முன்னால் கல் வேலைக்காரர்கள் பாறைமேல் விறகை வரிசையாகப் போட்டு மெல்ல எரிப்பார்கள். சூட்டில் மேல் ஏடு விரிந்து அடிப் பாறையை விட்டுக் கழன்றுகொள்ளும். சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் இன்னும் ஒட்டியிருக்கிறது, பொத்தென்றால் கழன்றுவிட்டது. கழன்ற இடத்திலிருந்து நெருப்பை ஓரடி முன்னே தள்ளுவார்கள். இப்படியே நகர்த்திக்கொண்டு போனால் அரை அடிக்கும் குறைவான தடிமனில், ஒரு வீட்டுக் கூரை அகலத்துக்குப் பலகை கிடைக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெங்களூர்ப் பக்கம் இதைப் பார்த்த புவியியலாளர்கள் அசந்துபோய் எழுதினார்கள். ஏவ்பரியில் கல்லைக் கொல்ல உதவிய நெருப்பு, இங்கே கல்லைப் பலகையாக்கப் பயன்பட்டது.

இந்தப் பலகைகளால் ஆனவைதான் நம் மாவட்டத்துக் கல்திட்டைகள். கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரத்தில் மொட்டைப் பாறைமேல் அவை கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. தென்னிந்தியாவில் இப்படி ஒரே இடத்தில் இத்தனை திட்டைகள் கிடைப்பது அபூர்வம். ஊரில் பாண்டவர் வீடு என்பார்கள், குள்ளர் வீடு என்பார்கள். இறந்தவர்களுக்காக இரும்புக் கால மக்கள் எழுப்பியவை இவை. பெரும்பாலும் கி.மு. முதல் ஆயிரத்தைச் சேர்ந்தவை. வயசில் ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்களை விட ஆயிரம் ஆண்டுக்கு மேல் இளையவை.

ஒரு திட்டையைக் குனிந்து கவனித்துப் பாருங்கள். நான்கு பக்கப் பலகைகளும் முனையோடு முனை சேராமல், ஒவ்வொன்றும் அடுத்ததைத் தாண்டி ஒரு சாண் நீண்டு நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம். வெளியிலிருந்து மண்ணும் கல்லும் நெருக்கும்போது ஒரு பலகை அடுத்ததன்மேல் சாய்ந்து தானாகவே இறுகிக்கொள்ளும். காரை இல்லை, இரும்புப் பற்றி இல்லை. கொலோசியத்தில் திருட இரும்பு இருந்தது, இதில் திருடுவதற்கே ஒன்றும் இல்லை. முன்பலகையில் வட்டமாக ஓர் இடுதுளை, பல திட்டைகளில் கிழக்குப் பார்த்தபடி. மேலே மூடுகல். மூன்று மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், இருபது சென்டிமீட்டர் தடிமன் என்று ஒரு மூடுகல்லை வைத்துக்கொண்டால் ஒன்றரைக் கன மீட்டர். கிரானைட் ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன். ஆக நான்கு டன். பிரமிடின் சராசரிக் கல்லை விடக் கனம். கிரேன் இல்லாமல் மண் சரிவு போட்டு, உருளைக் கட்டையும் நெம்புகோலும் கொடுத்துத்தான் ஏற்றியிருக்க முடியும். எகிப்தில் அரசன் ஆணையிட்டு ஆயிரக்கணக்கானவர்களுக்கு ரொட்டியும் பீரும் கொடுத்துச் செய்ததை, இங்கே ஒரு சிற்றூர்க் கூட்டம் சாவு வீட்டுக் கடமையாகச் செய்து முடித்திருக்கிறது.

இரும்பு பற்றி ஒரு வார்த்தை. பெரிய பிரமிடு கி.மு. 2560 வாக்கில் எழுந்தபோது எகிப்தியர் கையில் இருந்தது செம்புக் கருவி. அஸ்வான் கிரானைட்டைச் செம்பு அறுக்காது என்பதால், மணலைப் போட்டு ராவினார்கள், டோலரைட் என்ற கடினக் கல் உருண்டைகளால் மணிக்கணக்கில் இடித்தார்கள். கி.மு. 14-ஆம் நூற்றாண்டு முடியும்போது இறந்த துத்தன்காமுனின் கல்லறையில் வைத்த இரும்புக் குத்துவாள்கூட விண்கல் இரும்பில் ஆனது என்று 2016-ல் உறுதியாயிற்று. பர்கூர் பக்கம் தொகரப்பள்ளிக்கு அருகில் உள்ள மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்போடு கிடைத்த மாதிரிகளுக்குக் கரிமக் கணிப்பில் கி.மு. 1615, கி.மு. 2172 என்று காலம் வந்ததை 2022 மே மாதம் தமிழகச் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். 2025 ஜனவரியில் வெளியான தொல்லியல் துறை அறிக்கையில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை இன்னும் பின்னால், கி.மு. 3345 வரைக்கும் போகிறது. எங்கள் ஊர்தான் முதல் என்று தோள் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அறிவியலில் ஒரு கணிப்பை அடுத்த கணிப்பு தள்ளிக்கொண்டே இருக்கும். கிரானைட்டைக் கையாண்ட ஓர் ஊரில் இரும்பு சீக்கிரம் வந்தது என்பது பொருந்திப் போகிறது என்பதைத் தாண்டி நான் எதையும் சொல்ல மாட்டேன்.

தூக்கிப் போகும் வழக்கமும் நம்மவர்களுக்கு உண்டு, பெருமையாகவே உண்டு. தருமபுரிப் பகுதியை ஆண்ட நுளம்பர்கள் தூண் செதுக்குவதில் கைதேர்ந்தவர்கள். தருமபுரிக் கோட்டைக் கோயிலில் மல்லிகார்ச்சுனர் சன்னதியைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலைப்பாடு தெரியும். நுளம்பர் தலைநகர் ஹேமாவதியிலிருந்து சோழர்கள் கொண்டுவந்த தூண்கள் காவிரிக் கரையில் திருவையாற்று ஐயாறப்பர் கோயிலில் நிற்கின்றன. சாளுக்கியக் கல்யாணபுரத்தை எரித்துவிட்டு ராஜாதிராஜன் கொண்டுவந்த துவாரபாலகர், தான் எங்கிருந்து பிடிபட்டார் என்ற விவரத்தைத் தன் பீடத்திலேயே பொறித்துக்கொண்டு தஞ்சாவூரில் நிற்கிறார். கெய்ரோக்காரர்கள் சுண்ணாம்புக் கல்லைத் தேவைக்கு எடுத்தார்கள். சோழர் எடுத்தது வெற்றியைக் காட்ட.

இனி கும்பிட்டுக் காப்பாற்றிய கதை. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரம் நடுகற்களின் நாடு. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது, அவனுக்கு நட்ட கல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைப்பதை ஔவையார் புறநானூற்றில் அழுது பாடியிருக்கிறார். பல்லவர் காலத்திலிருந்து எழுத்துப் பொறித்த கற்கள் நிறையக் கிடைக்கின்றன. எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, யார் ஆநிரையைக் கவர்ந்தார்கள், அதை மீட்கப் போய் யார் பட்டான் என்று நாலைந்து வரியில் விஷயம் முடிந்துவிடும். செங்கத்துப் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல், எசமானோடு கள்ளர்களைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் சேர்த்து நட்டது. ரோட்ஸ் தீவின் 33 மீட்டர்ச் சிலையில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை, ஆள் உயரம்கூட இல்லாத கல்லில் நாயின் பெயர் மிஞ்சியிருக்கிறது.

இந்தக் கற்களில் பல பிழைத்ததற்குக் காரணம் தொல்லியல் துறை வருவதற்கு வெகு காலம் முன்பே அவை வேடியப்பன் என்ற ஊர்ச்சாமி ஆகிவிட்டதுதான். யாருடைய கல், எந்தப் போர் என்பதெல்லாம் மறந்துவிட்டது. வில்லும் வாளும் ஏந்தி நிற்கிறவர் சாமி, அவருக்கு வருஷா வருஷம் பொங்கல், கிடா. கேட்பாரில்லாத நடுகற்கள் வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகவும் துணி துவைக்கும் கல்லாகவும் ஆனபோது, மஞ்சள் குங்குமம் பூசிய கல்லில் கடப்பாரை படவில்லை. ரோமில் பாந்தியனுக்கு நடந்ததும் வேடியப்பனுக்கு நடந்ததும் ஒன்றே.

கல்திட்டைகளுக்கு அந்தப் பாக்கியம் முழுசாகக் கிடைக்கவில்லை. செத்தவர் வீடு என்று பயந்து ஒதுங்கியதால் கொஞ்சம் தப்பின. புதையல் இருக்கிறது என்று நம்பித் தோண்டியவர்கள் பலவற்றைச் சாய்த்தார்கள். வயல் வரப்புக்கும் கொட்டகைக்கும் பலகை போனது. இப்போது வந்திருப்பது வேறு அளவில் உள்ள ஆபத்து. கிருஷ்ணகிரியின் பாரடைசோ ரகக் கிரானைட் உலகத்துச் சமையல்மேடைகளுக்கும் கல்லறைகளுக்கும் போகிறது. வைரக் கம்பி ரம்பம் வெண்ணெய் மாதிரி அறுத்துவிடும், கிரேன் தூக்கும், டிரெய்லர் துறைமுகத்தில் இறக்கிவிடும். அல் அஜீஸை எட்டு மாதத்தில் துரத்திய அந்தத் தூக்குக் கூலிக் கணக்கு இன்று செல்லாது. கனத்தால் தப்பிய காலம் முடிந்துவிட்டது. இனிமேல் சட்டம் காப்பாற்ற வேண்டும், இல்லையென்றால் சாமி காப்பாற்ற வேண்டும். மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டுமானமோ குவாரியோ கூடாது, அதற்கு அப்பால் இருநூறு மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என்று 2010-ல் திருத்திய சட்டம் சொல்கிறது. பட்டியலில் ஏறாத திட்டைக்கு அந்த வட்டம் கிடையாது. பட்டா நிலத்தில், கரட்டு மேட்டில், ஏரிக் கரையில் கிடப்பவற்றில் பெரும்பகுதி இந்த ரகம்.

சாமி காப்பாற்றுவதிலும் ஒரு சேதாரம் இருக்கிறது. விளக்கெண்ணெயும் மஞ்சளும் எத்தனை தலைமுறை பூசினாலும் கழுவி எடுத்துவிடலாம். கொஞ்ச காலமாக நடுகல்லுக்கு எனாமல் பெயின்ட் அடிக்கிறார்கள், மீசைக்குக் கறுப்பு, வேட்டிக்கு வெள்ளை, பின்னணிக்கு நீலம். கல்வெட்டைப் படியெடுக்கிறவர்கள் ஈரத் தாளைக் கல்மேல் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, பிறகு மை ஒற்றுவார்கள். பள்ளம் பெயின்டால் நிரம்பிவிட்டால் தாள் வெறுமனே வழுக்கிக்கொண்டு வரும். திருவிழாவுக்கு முன்னால் வண்ணம் அடிக்கத்தான் வேண்டும் என்றால் உருவத்துக்கு மட்டும் அடித்துவிட்டு, மேலேயும் ஓரத்திலும் வட்டெழுத்து ஓடும் பட்டையை விட்டுவிடும்படி பூசாரியிடம் கேட்டுப் பார்க்கலாம். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே அந்தப் பட்டையைச் சாய்வான காலை வெயிலில் நாலு போட்டோ எடுத்து, இடத்தையும் குறித்து, கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் கொடுத்துவிட்டால் எழுத்தாவது கணக்கில் ஏறிவிடும்.